காவிரி டெல்டாவில் காதைத் தீட்டிக்கொண்டு நடப்பது எப்படி? ஒரு முழு வழிகாட்டி

டெல்டாவுக்குக் கிளம்புகிறவர்கள் கையில் கோயில் பட்டியல் இருக்கும், சாப்பாட்டுக் கடைப் பட்டியல் இருக்கும். இங்கே சொல்லப்போவது ஒரு ஊரை நடந்து, காதால் தெரிந்துகொள்கிற விஷயம். காசு செலவில்லை, கருவி வேண்டாம், சங்கீத ஞானமும் வேண்டாம். ஒன்றரை மணி நேரமும், அந்த நேரம் முழுக்க வாயை மூடிக்கொண்டிருக்கும் பொறுமையும் போதும். பலருக்கு இரண்டாவதுதான் கஷ்டம்.

உலகத்தில் இதை வேலையாகவே செய்தவர்கள் உண்டு. 1966-இல் நியூயார்க்கில் மேக்ஸ் நியூஹவுஸ் என்ற தாளவாத்தியக் கலைஞர், வந்திருந்தவர்களின் கையில் ‘கேள்’ என்று முத்திரை குத்தி, தெருத்தெருவாக நடத்திக் கூட்டிப்போனார். கச்சேரி என்றால் அவ்வளவுதான். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, கனடாவின் வான்கூவர் பகுதியில் உள்ள சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் முர்ரே ஷேஃபர் என்ற இசையமைப்பாளர் ஒரு குழு சேர்த்து, ஊர்களின் ஒலியை ஆராயத் தொடங்கினார். அந்தக் குழுவில் இருந்த ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப், கேட்டுக்கொண்டே நடப்பதை யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய பழக்கமாக எழுதி வைத்தார். 1975-இல் அந்தக் குழு ஐரோப்பாவில் ஐந்து கிராமங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றின் ஒலிகளைப் பதிவு செய்தது. 

அவர்களிடமிருந்து முறையை எடுத்துக்கொள்ளலாம். எந்தப் பக்கம் நடப்பது என்பதை மட்டும் நம் ஊர்தான் சொல்ல வேண்டும். டெல்டாவில் அதைச் சொல்வது தண்ணீர். ஆறு, வாய்க்கால், மடை, வயல், வடிகால் என்று தண்ணீர் எந்த வழியில் போகிறதோ, ஊரின் சத்தமும் அந்த வழியில்தான் மாறிக்கொண்டு போகும். தவளை கத்துவதும், கொக்கு இறங்குவதும், மோட்டார் ஓடுவதும், கடைத்தெருவில் உரமூட்டை இறங்குவதும் தண்ணீரை வைத்துத்தான். அதனால் ஆற்றங்கரையில் தொடங்கி, ஒரு மதகைக் கடந்து, வாய்க்கால் ஓரமாக வயலுக்கு இறங்கி, கடைசியில் ஊருக்குள் வந்து சேருகிற மாதிரி இரண்டு மூன்று கிலோமீட்டர் பாதை ஒன்றை எடுங்கள். டெல்டாவில் ஏறக்குறைய எந்த ஊரிலும் இப்படி ஒரு பாதை கிடைக்கும்.

எப்போது போவது

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடும். அணையில் இருப்பு குறைந்தால் தேதி தள்ளிப்போகும். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாள் ஆகும். கடைமடைக்குப் போய்ச் சேர இன்னும் பல நாள். அதாவது ஒரே வாரத்தில் திருவையாற்றில் ஆறு பேசிக்கொண்டிருக்கும், வேதாரண்யம் பக்கத்து வாய்க்காலில் காய்ந்த கோரையை மாடு கடிக்கிற சத்தம்தான் இருக்கும்.

முதல் நடைக்கு என் சிபாரிசு ஆடி மாதம். தண்ணீர் புதிது, குறுவைப் பயிர் வயலில் நிற்கும், மழை இன்னும் தொடங்கியிருக்காது. ஷேஃபரின் பிறந்தநாளான ஜூலை 18-ஐ உலகக் கேட்டல் தினம் என்று கொண்டாடுகிறார்கள். அது ஆடி பிறந்த மறுநாள் வாக்கில் வருவது நமக்கு நல்ல வசதி. அடுத்தது ஐப்பசி, கார்த்திகை: வடகிழக்குப் பருவமழையில் தவளைகளின் ராஜ்ஜியம். தை, மாசியில் சம்பா அறுவடை. கதிர் அறுக்கும் இயந்திரத்தின் இரைச்சல் நின்ற வயலில், அப்புறம் வாத்துக்கூட்டம் மேய வரும்போது ஒரு கலவரமே நடக்கும். சித்திரை, வைகாசியில் ஆறு வெறும் மணல். அப்போது நடந்தால்தான் மற்ற மாதங்களில் எவ்வளவு சத்தத்தைத் தண்ணீர் ஒன்றே போட்டுக்கொண்டிருந்தது என்று புரியும்.

நேரம் என்றால் விடியற்காலை. ராத்திரி குளிர்ந்த தரையை ஒட்டிய காற்று குளிர்ச்சியாகவும் அதற்கு மேலே உள்ள காற்று கொஞ்சம் வெதுவெதுப்பாகவும் இருக்கும். ஒலி மேலே போகப் பார்த்தால் அந்த அடுக்கில் வளைந்து தரைக்கே திரும்பும். மார்கழியில் அடுத்த ஊர்க் கோயில் ஒலிபெருக்கி நம் வீட்டு வாசலில் வைத்த மாதிரி கேட்பதற்கு இதுதான் காரணம். வெயில் ஏறியதும் தரைக்காற்று சூடாகி, ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். காலை ஐந்தரைக்குக் கேட்ட ரயில் பத்து மணிக்குக் கேட்காது; ரயில் மேல் குற்றமில்லை.

கிளம்புமுன்

சளக் சளக் என்று குதிகாலில் அடிக்கிற ரப்பர் செருப்பை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மெல்லிய அடி உள்ள, காலை மூடிய காலணி நல்லது. பருத்தித் துணி உடுத்துங்கள், நைலான் உரசும். சட்டைப்பையில் சாவிக்கொத்து, சில்லறை வேண்டாம். கொலுசைக் கழற்றி வையுங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். தண்ணீர் பாட்டிலை முழுக்க நிரப்புங்கள், பாதி பாட்டில் நடக்கும்போது குலுங்கும்.

முந்தின நாளே பாதையை ஒருதரம் சும்மா நடந்து பார்த்துவிடுவது நல்லது. எங்கே நாய், எங்கே வேலி, எந்த மதகின் மேல் நிற்க இடம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் மறுநாள் கண்ணுக்கு வேலை குறையும்.

முதல் பத்து நிமிடம்: நடக்காதீர்கள்

ஆற்றங்கரையில், முடிந்தால் ஒரு படித்துறையில், நில்லுங்கள். முதலில் உங்கள் சத்தத்தைக் கேளுங்கள்: மூச்சு, துணி, எச்சில் விழுங்குவது. பிறகு கை எட்டும் தூரத்துக்குள் என்ன கேட்கிறது? பிறகு அக்கரை வரை? கடைசியாக, இதற்கு மேல் எதுவும் இல்லை என்று சொல்லும்படியான தொலைதூர ஒலி எது? அந்தக் கடைசி ஒலி முக்கியம். அதுதான் இன்றைக்கு உங்கள் காதின் எல்லை. மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு பேருந்தின் ஹாரன் என்றால் ஊர் அமைதியாக இருக்கிறது. பக்கத்துத் தெரு மிக்ஸியோடு நின்றுவிட்டால், வேறு இடம் பாருங்கள்.

அக்கரையில் யாராவது துணி துவைத்தால் கவனியுங்கள். துணி கல்லில் விழுவதைக் கண் பார்த்த பிறகுதான் ‘டப்’ வரும். ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது. மூன்றில் ஒரு நொடி தாமதம் என்றால் அக்கரை 115 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. 

அப்புறம் நடக்கத் தொடங்குங்கள், வழக்கத்தில் பாதி வேகத்தில். நம் காலடி நமக்கே கேட்காத இடத்தில் ஒலிச் சமநிலை கெட்டிருக்கிறது என்று வெஸ்டர்காம்ப் சொல்கிறார். நல்ல அளவுகோல். கரையின் மண்ணில் கேட்கிற காலடி, நெடுஞ்சாலையை ஒட்டிப் போகும்போது எந்த இடத்தில் காணாமல் போகிறது என்று பாருங்கள்.

மதகில் நின்று கேட்பது

இந்த நடையில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. லஸ்கர் என்கிற பாசனப் பணியாளர் திறந்து மூடுகிற, இரும்பு ஷட்டர் போட்ட மதகு ஏதாவது ஒன்று வழியில் இருக்கும். முதலில் மேல்புறம் நில்லுங்கள், தண்ணீர் வருகிற பக்கம். ஏறக்குறைய சத்தமே இருக்காது. ஷட்டரில் மாட்டிய ஆகாயத்தாமரை இரும்பில் உரசுவது கேட்கலாம். நான்கு அடி எடுத்து வைத்துக் கீழ்ப்புறம் வாருங்கள். இரைச்சல் முகத்தில் அடிக்கும். அதே தண்ணீர், நடுவில் ஒரு பலகை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதிகச் சத்தம் என்றால் அதிகத் தண்ணீர் என்று அர்த்தமில்லை. ஷட்டரைக் கொஞ்சம்தான் தூக்கியிருக்கிறார்கள், மேலே மட்டம் அதிகம், கீழே குறைவு என்றால் தண்ணீர் அடியில் பீறிட்டுக் கொதிக்கும். முழுக்கத் தூக்கி, இரண்டு பக்கமும் மட்டம் ஒன்றாகிவிட்டால் அதைவிட அதிகத் தண்ணீர் சத்தமில்லாமல் போய்விடும். மதகு கத்துகிறதென்றால் இரண்டு பக்கத்து மட்டத்திலும் வித்தியாசம் இருக்கிறது. இதை ஒருதரம் காதில் வாங்கிக்கொண்டால், பாலத்தின் மேல் கண்ணை மூடிக்கொண்டு நின்றே வாய்க்காலுக்கு எப்படித் தண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம்.

கண்ணை மூடிய பிறகு சத்தத்தைப் பிரித்துக் கேளுங்கள். அடியில் ஒரு கனத்த உறுமல். அதன் மேல் ஒரு ‘ஸ்ஸ்’. இடையிடையே களக், களக் என்று தனித்தனிக் குமிழ்கள். தண்ணீர் போடுகிற கலகலப்பு பெரும்பாலும் அதற்குள் சிக்கிக்கொண்ட காற்றுக் குமிழிகள் அதிர்வதால்தான் வருகிறது. குமிழ் சிறிதானால் சுருதி உயரும் என்று மின்னார்ட் என்ற அறிஞர் 1933-இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். சுவரோரம் கீச்சென்றும் நடுவில் கனமாகவும் கேட்பது அதனால்தான்.

பெரிய அளவில் கேட்க வேண்டுமானால் நீடாமங்கலம் பக்கத்தில் மூணாறு தலைப்புக்குப் போங்கள். வெண்ணாறு அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது. ஒவ்வொன்றுக்கும் அன்றைக்கு எவ்வளவு திறந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மூன்றும் மூன்று விதமாகக் கேட்கும். கல்லணை இன்னும் பெரியதுதான், ஆனால் விடுமுறை நாளில் அங்கே தண்ணீரைவிட ஜனச் சத்தம் அதிகம்.

பாசி பிடித்த படியிலும் கைப்பிடி இல்லாத மதகிலும் கண்ணை மூடுவதற்கு முன் உட்கார்ந்துகொள்ளுங்கள். இதில் விளையாட்டு வேண்டாம்.

வாய்க்காலும் வயலும்

வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் இறங்குகிற மடையில் குந்துங்கள். வயல் காய்ந்திருக்கும்போது தண்ணீர் உயரத்திலிருந்து விழுந்து சத்தமாகப் பேசும். வயல் நிரம்ப நிரம்ப விழுகிற உயரம் குறைந்து, சத்தம் தணிந்து, மட்டம் ஒன்றானதும் நின்றுவிடும். ராத்திரி தண்ணீர் கட்டுகிறவர்கள் களத்தில் படுத்தபடியே இதைக் கேட்டுத்தான் எழுந்திருப்பார்கள். வரப்பு உடைப்பெடுத்தாலும் முதலில் தெரிவது காதுக்கு. மோட்டாரின் குரல் திடீரென்று லேசாகி, குழாய் விட்டு விட்டுத் துப்பினால் “காத்து வாங்குது” என்று அரைத்தூக்கத்தில் சொல்லிக்கொண்டே போய்ப் பார்ப்பார்கள். கேட்டு நடப்பதைப் புதுக் கலை என்று நினைக்கிறவர்கள் இவர்களோடு ஒரு ராத்திரி இருந்து பார்க்கலாம்.

ஷேஃபர் ஊர்ச் சத்தங்களை மூன்றாகப் பிரித்தார். எப்போதும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் அடிநாதம். நம்மைக் கூப்பிட்டுக் கவனிக்கச் சொல்லும் அறிவிப்பு ஒலி. அந்த ஊருக்கே உரிய அடையாள ஒலி. வயலில் முதல் வகையைப் பிடிக்கலாம். மும்முனை மின்சாரம் வந்ததும் நாலாபுறமும் மோட்டார்கள் ஒவ்வொன்றாக எழும். கொஞ்ச நேரத்தில், கச்சேரியில் தம்பூராவை மறந்துவிடுவது போல, அதை மறந்துவிடுவோம். மின்சாரம் போகிற நொடியில்தான் இத்தனை நேரமும் அது இருந்தது தெரியும். அந்த நொடிக்குக் காத்திருங்கள். வரப்போரத்து டிரான்ஸ்பார்மரின் ரீங்காரம் மட்டும் மாறாது: 100 ஹெர்ட்ஸ், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரு மடங்கு.

பறவைகளில் முதலில் உங்களைக் காட்டிக்கொடுப்பது ஆள்காட்டி. அது கத்தத் தொடங்கிவிட்டால் நின்றுவிடுங்கள். பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கலாம். மடையான் காலடியில் இருந்து எழும்பும்போது மட்டும் கரகரப்பாக ஒரு குரல் கொடுக்கும். கானாங்கோழி கோரைக்குள் இருந்துகொண்டு மணிக்கணக்கில் கத்தும், கண்ணில் படாது. செம்போத்தின் ‘ஊப் ஊப்’ மூங்கில் கொல்லையிலிருந்து வரும். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. எந்தத் திசை, எவ்வளவு உயரம், தனியா ஜோடியா என்று கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

நடவு நடக்கிற வயலில் நடவுப்பாட்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மேற்கு வங்கத்திலிருந்து வந்த நடவாட்களின் வங்காளப் பேச்சு காதில் விழ வாய்ப்பு அதிகம். அதுவும் இன்றைய டெல்டாவின் சத்தம்தான், குறித்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் தவளைப் பாடத்தை விடாதீர்கள். வயலோரம் நெருங்கியதும் உங்களைச் சுற்றி ஒரு வட்டம் மௌனமாகிவிடும். தள்ளியிருப்பவை கத்திக்கொண்டே இருக்கும். அசையாமல் நின்றால், சில நிமிடத்தில் ஓரத்தில் ஒன்று தைரியம் கொள்ளும், பிறகு இன்னொன்று, வட்டம் சுருங்கிக்கொண்டே வந்து காலடிவரை மூடிவிடும். கத்துவது பெரும்பாலும் ஆண்கள்தான், ஜோடிக்காக. அதே குரலைக் கேட்டுத்தான் எதிரியும் வரும். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

தவளை இருக்கிற இடத்துக்குப் பாம்பும் வரும். கண்ணாடி விரியன் சீறினால் நன்றாகவே கேட்கும், கட்டுவிரியன் சத்தமே போடாது. ஆகவே காதை நம்பி இருட்டில் வரப்பில் இறங்காதீர்கள். டார்ச் கட்டாயம். தப்பித்தவறி கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது எல்லாம் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு நேரே அரசு ஆஸ்பத்திரி.

ஊருக்குள்

வரப்பில் சும்மா நிற்கிற அந்நியரைப் பார்த்தால் யாராவது வருவார்கள். “என்ன தம்பி, நிலம் பாக்க வந்தீங்களா?” என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. “இல்லீங்கய்யா, தண்ணி எப்படி வருதுன்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்” என்று சொல்லிப் பாருங்கள். ஒலி ஆராய்ச்சி என்று விளக்கினால் புரோக்கர் என்றே முடிவு கட்டிவிடுவார்கள். தண்ணீர் என்றால் அரைமணி நேரம் பேசுவார். மௌன விரதம் அங்கே முறியட்டும், லாபம்தான்.

தெருவில் அறிவிப்பு ஒலிகளின் கூட்டம். மீன்காரரின் ஹாரன், லோடு ஆட்டோவில் பதிவு செய்து ஓடுகிற வெங்காய விலை, ரயில்வே கேட்டின் மணி, கோயிலில் மின்சாரத்தில் தானே அடிக்கிற முரசும் சேகண்டியும், பாங்கு, பள்ளிக்கூட மணி. ஒவ்வொன்றும் யாரைக் கூப்பிடுகிறது, யார் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். அறுவடைக் காலத்தில் நெல் கொள்முதல் நிலையம் ஒன்றின் எதிரே பத்து நிமிடம் நில்லுங்கள். தூற்றும் இயந்திரம், 40 கிலோ மூட்டை தராசில் விழும் ‘பொத்’, சாக்கு தைக்கிற சத்தம், எண்ணுகிறவரின் குரல் என்று அது ஒரு தனி உலகம்.

அடையாள ஒலி வேண்டுமென்றால் கைத்தொழில் ஊர்களுக்குப் போக வேண்டும். சுவாமிமலையில் வெண்கலத்தின் மேல் உளியும் அரமும். திருபுவனத்தில் பட்டுத்தறி. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் கடைவது; கடைந்து முடித்ததும் ஊதிப் பார்க்கிற அரைகுறைச் சுரங்கள் எனக்குக் கச்சேரியைவிடப் பிடிக்கும். திருவையாற்றில் ஐயாறப்பர் கோயில் பிராகாரத்தில் ஒரு மூலையில் நின்று “ஐயாறா” என்று கூப்பிட்டால் ஏழு தரம் திரும்பும் என்பார்கள். கூட்டமில்லாத நேரத்தில் போய் நீங்களே எண்ணுங்கள்.

எழுதுவதும் பதிவு செய்வதும்

நடக்கும்போது எழுதாதீர்கள். நின்ற இடங்களில் மட்டும் எழுதுங்கள். தாளில் நடுவே ஒரு புள்ளி, அது நீங்கள். சுற்றிலும் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் எது கேட்டதோ அதைப் போடுங்கள். மேலே தேதி, நேரம், காற்றின் திசை, ஆற்றில் தண்ணீர் உண்டா இல்லையா. ‘பறவைச் சத்தம்’ என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே எதுவும் புரியாது. சலசல, களகள, நெறுநெறு, சடசட என்று நம்மிடம்தான் கைவசம் நிறைய இருக்கிறதே, தாராளமாகப் பயன்படுத்துங்கள். 

பதிவுக்குப் போன் போதும். முதல் நடையில் வேண்டாம், இரண்டாவதிலிருந்து வைத்துக்கொள்ளலாம். பதிவு ஓடுகிறது என்றால் காது சோம்பல்படும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, மைக்கின் மேல் ஒரு மெல்லிய கைக்குட்டையைப் போர்த்துங்கள். கையில் பிடிக்காமல் கைப்பிடிச் சுவரில் வைத்தால் விரல் உரசாது. முடிந்தால் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். தொடக்கத்தில் ஊர், இடம், தேதி, நேரம் சொல்லிவிட்டு, குறைந்தது மூன்று நிமிடமாவது நிறுத்தாமல் எடுங்கள். பிறர் பேச்சை அவர்கள் அனுமதியில்லாமல் பதிவு செய்யாதீர்கள். சாவு வீட்டுப் பறை கேட்டால் போனை உள்ளே வையுங்கள்.

பழைய பதிவின் மதிப்பு பிறகுதான் தெரியும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையேறியபோது பேராவூரணி, பட்டுக்கோட்டை, வேதாரண்யம் பக்கம் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. காற்றடித்தால் ஓலையோடு ஓலை உரசிக்கொண்டிருந்த தோப்புகள் ஒரே ராத்திரியில் ஊமையாகிப் போயின. அதற்கு முன் அந்தச் சத்தத்தை யாரும் பெரிதாக நினைத்திருக்க மாட்டார்கள். அதனால் அபூர்வமான ஒலிகளைத் தேடி அலையாமல், தினமும் கேட்கிறதை எடுத்து வையுங்கள். அதே பாதை, அதே மதகு, வேறு வேறு மாதம்.

கூட்டமாகப் போனால்

எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் உள்ளவர்கள் பத்தடி இடைவெளியில். பேச்சு கிடையாது, சைகை மட்டும். ரோட்டைக் கடக்கும்போது முன்னால் போகிறவர் கை தூக்கினால் எல்லாரும் நிற்க வேண்டும். குழந்தைகள் வந்தால் மதகுவரை போதும். அவர்கள்தான் பெரியவர்கள் தவறவிடுவதைப் பிடிப்பார்கள். முடிந்ததும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, முதலில் எல்லாரும் எழுதிவிட்டு, அப்புறம் பேசுங்கள். முதலிலேயே பேசினால் ஒருவர் கேட்டது எல்லார் நோட்டிலும் ஏறிவிடும்.

ஆடி வெள்ளியில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி கட்டிய ஊரில் மாட்டிக்கொண்டால் சண்டைக்குப் போகாதீர்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. திருவிழாவுக்கு மாநில அரசு சில நாட்களில் நள்ளிரவு வரை தளர்த்தலாம். அன்றைக்கு வேலையை மாற்றிக்கொள்ளுங்கள்: ஒலிபெருக்கியிலிருந்து ஆற்றை நோக்கி நடந்து, எந்த இடத்தில் பாட்டின் வார்த்தை புரியாமல் போகிறது, எந்த இடத்தில் தாளம் மட்டும் மிஞ்சுகிறது, எந்த இடத்தில் மதகின் சத்தம் அதை விழுங்குகிறது என்று மூன்று புள்ளிகளைக் குறியுங்கள். காற்று திசை மாறினால் அந்த மூன்றும் இடம் மாறும், மறுவாரம் போய்ப் பார்க்கலாம்.